ஆறு கட்டம், ஒரு முகம்

இருபத்திரண்டு வருஷமாக எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒளியைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன். அட்டையை வட்டமாக வெட்டி, ஏழு நிறம் தீட்டி, நடுவில் பென்சிலைச் செருகிச் சுழற்றிக் காட்டி, "பாத்தீங்களா, எல்லா நிறமும் சேர்ந்தா வெள்ளை" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியவள். அப்படிப்பட்டவள்தான், என் கண்ணுக்குக் கீழே இருக்கிற இரண்டு விரற்கடை இடத்தில், ஒரே வருஷத்தில் மூன்று தடவை ஃபெயிலானேன். நான்காவது தடவை பாஸ். அந்த பாஸ் எந்த லட்சணத்தில் முடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். மானம் போகிற காரியத்தையும் வரிசைப்படிதான் போகவிட வேண்டும்.

ஆரம்பித்தது காலாண்டுப் பரீட்சையில். அந்தத் தடவை என் கட்டு 180 பேப்பர். இரவு பதினொன்றரை வரை உட்கார்ந்து திருத்திவிட்டு மறுநாள் பள்ளிக்கூடம் போனால், ஸ்டாஃப் ரூமில் முதல் கேள்வி, "என்ன டீச்சர், உடம்புக்கு முடியலையா?" ஒருத்தர் கேட்டால் அது அக்கறை. நாலு பேர் கேட்டால் நமக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. வாட்ச்மேன் அண்ணனும் கேட்ட அன்று சாயங்காலம், வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். இரண்டு கண்ணுக்குக் கீழேயும் யாரோ மசித்தாள் வைத்து அழுத்தினமாதிரி இருந்தது.

கோயம்புத்தூரில் படிக்கிற மகளிடம் போனில் புலம்பினேன். "கலர் கரெக்டர் போடும்மா" என்றாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், கையிலிருந்த செய்தித்தாளை இறக்கி, "எந்தக் கலெக்டர்?" என்றார்.

கரெக்டர் என்றால் திருத்துவது. எனக்கு அந்தச் சொல்லே பிடித்துப்போயிற்று. நம் ஊரில் திருத்தாத பொருள் எது? நிலத்தைத் திருத்துகிறோம், புருவத்தைத் திருத்துகிறோம், பேப்பர் திருத்துகிறோம், பிள்ளைகளைத் திருத்தப் பார்க்கிறோம். வருஷத்துக்கு ஆயிரம் பேப்பர் திருத்துகிறவளுக்கு ஒரு முகத்தைத் திருத்துவது பெரிய காரியமா என்ன!

மகள் சொன்ன தத்துவம் இவ்வளவுதான். கருவளையத்தின்மேல் நேரடியாகத் தோல் நிறத்தில் கிரீமைப் பூசினால் அடியில் இருக்கும் நீலம் மேலே கசிந்து சாம்பலாகத் தெரியும். அதனால் முதலில் நீலத்துக்கு எதிர் நிறமான ஆரஞ்சைப் போட்டு அதை அடக்கிவிட வேண்டும். பிறகுதான் மற்றதெல்லாம். முள்ளை முள்ளால் எடுக்கிற வேலை. கூடவே ஒரு கதையும் சொன்னாள். 2015-இல் தீபிகா முத்யாலா என்ற இந்திய வம்சாவளிப் பெண், அமெரிக்காவில் இருந்துகொண்டு, கண்ணுக்குக் கீழே சிவப்பு லிப்ஸ்டிக்கைத் தடவிக் கருவளையத்தை மறைத்துக் காட்டிய வீடியோவை லட்சக்கணக்கான பேர் பார்த்தார்களாம். அதன் பிறகு அவரே நம்மைப் போன்ற நிறக்காரிகளுக்காக லிவ் டின்டெட் என்று ஒரு கம்பெனியையும் தொடங்கிவிட்டாராம். "ஆனா நீ அதெல்லாம் பண்ணாதம்மா, நான் சரியானதா வாங்கி அனுப்புறேன்" என்று மகள் முடித்தாள்.

அந்தக் கடைசி வாக்கியம் என் காதில் விழவில்லை. சிவப்பு லிப்ஸ்டிக் என்கிற இரண்டு சொல்லோடு காது மூடிக்கொண்டது. வீட்டில் ஒன்று இருந்தது. நாத்தனார் மகள் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்து கொடுத்தது. திறந்ததே இல்லை. பெட்டியில் "16 மணி நேரம் நிற்கும்" என்று போட்டிருந்தது. உதட்டில் நிற்பது கண்ணுக்குக் கீழேயும் நிற்கும், சிக்கனமாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி அடைமழை. காலை ஏழரை மணிக்குக் கண்ணுக்குக் கீழே பிறை வடிவில் சிவப்பு இழுத்தேன். அதன்மேல் காம்பாக்ட் பவுடரை ஒற்றி ஒற்றி அடக்கினேன். ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் அற்புதம். ஐந்து வருஷம் குறைந்திருந்தேன். பஸ்ஸில் ஜன்னலெல்லாம் அடைத்து, உள்ளே நூறு பேரின் மூச்சு. இரண்டாவது பீரியடுக்கு மணி அடித்தபோது பவுடர் முழுக்க வியர்வையோடு போய்விட்டது. பதினாறு மணி நேரச் சரக்கு மட்டும் சொன்ன சொல் தவறாமல் நின்றது. அது எனக்குத் தெரியாது. கண் ஓரம் லேசாக எரியவும் இரண்டு தடவை நன்றாகக் கசக்கியும் விட்டேன்.

"மிஸ், கண்ணு வந்திருச்சா?" என்றாள் முதல் பெஞ்சுப் பிள்ளை. சொல்லிக்கொண்டே பெஞ்சைக் காலால் பின்னுக்குத் தள்ளினாள்.

மெட்ராஸ் ஐ சீசன். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று ஊரே நம்புகிற வியாதி. உண்மையில் அது கை வழியாகவும் துண்டு வழியாகவும்தான் பரவும். அதை அதே வகுப்பில் அதற்கு முந்தின வாரம் நான்தான் நடத்தியிருந்தேன். நாற்பத்தைந்து பிள்ளைகளும் கரும்பலகையைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தபடியே பாடம் கேட்டார்கள்.

ஹெச்.எம். அறைக்கு அழைப்பு வந்தது. கதவைத் தாண்டவே விடவில்லை. "அங்கனயே நில்லுங்க டீச்சர். மூணு நாள் லீவு எழுதிக் குடுத்துட்டுப் போயிருங்க. யாரையும் தொட்டுறாதீங்க" என்றார்.

அந்த இடத்தில் உண்மை ஒரே வாக்கியம். 'மேடம், இது லிப்ஸ்டிக்.' என் வாயிலிருந்து வந்ததோ, "ஆமா மேடம், காலையிலருந்து உறுத்திக்கிட்டே இருக்கு."

மூன்று நாள் தூங்கினேன். இரண்டாம் நாள்தான் சிவப்பு முழுதாக வெளுத்தது, அதுவும் தேங்காய் எண்ணெய் உபயத்தில். மூன்றாம் நாள் கண்ணாடியில் பார்த்தால் கருவளையமும் கொஞ்சம் குறைந்திருந்தது. ஆக, அந்த வருஷத்தில் எனக்கு முதலில் பலன் கொடுத்த பொருள் தலையணை. பள்ளிக்குத் திரும்பியபோது மேசையில் ஆறு விடுப்புக் கடிதம். 'டீச்சருக்கு வந்த கண்வலி எனக்கும் வந்துவிட்டபடியால்' என்று ஆறு பேரும் ஒரே கையெழுத்தில் காப்பியடித்ததுபோல எழுதியிருந்தார்கள். என்ன செய்வது? ஆறிலும் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டேன்.

மகள் சிரித்து முடிக்க ஒரு வாரம் ஆனது. பிறகு சொன்னபடியே அனுப்பினாள். உள்ளங்கை அகலக் கறுப்புப் பெட்டி. உள்ளே ஆறு கட்டம்: ஆரஞ்சு, பீச், மஞ்சள், பச்சை, ரோஸ், லாவெண்டர். சின்ன வயதில் ஜியாமெட்ரி பாக்ஸ் புதிதாக வாங்கினால் வருமே, அந்தப் பூரிப்பு. கூடவே ஒரு துண்டுச்சீட்டு: "ஆரஞ்சு மட்டும் போடு. மத்ததத் தொடாத."

ஆறு கட்டத்துக்குக் காசு கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் தொடுவதா? தியேட்டரில் டிக்கெட் வாங்கி இடைவேளையை மட்டும் பார்த்துவிட்டு வருவதா?

வீடியோ பார்த்துப் படித்தேன். பனிப்பிரதேசத்துப் பெண் ஒருத்தி, பால்கோவா நிறம், லாவெண்டரைக் கன்னமெல்லாம் தடவி, "மஞ்சள் பாய்ந்த சோர்ந்த முகத்துக்கு இது" என்றாள். அவள் முகம் விளக்குப் போட்டதுபோல ஆயிற்று. எனக்கோ வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசிக் குளித்த முகம். என்னைவிட மஞ்சள் பாய்ந்தவள் யார்? மறுநாள் காலை நெற்றி, கன்னம், தாடை எங்கும் லாவெண்டர்.

ஊதாவும் மஞ்சளும் எதிரெதிர் நிறங்கள். அதில் தப்பில்லை. தப்பு எங்கே என்றால், லாவெண்டர் என்பது ஊதாவில் ஏகப்பட்ட வெள்ளையைக் கலந்தது. அந்த வெள்ளை பெரும்பாலும் டைட்டானியம் டையாக்சைடு, சுவருக்கு அடிக்கிற பெயின்ட்டிலும் இருக்கிற அதே சரக்கு. வெளுத்த தோலில் அந்த வெள்ளை கரைந்துவிடும். மாநிறத்தின்மேல் அது தனியாக எழுந்து நிற்கும். பழுப்பும் ஊதாவும் வெள்ளையும் ஒரே இடத்தில் சந்தித்தால் கிடைக்கும் நிறத்துக்குத் தமிழில் அழகான பேர் உண்டு: சாம்பல்.

ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தேன். கணக்கு டீச்சர் எழுந்தே நின்றுவிட்டார். "கார்த்திகைச் சோமவாரம்! கோயிலுக்குப் போயிட்டா வர்றீங்க? முகமெல்லாம் திருநீறு. இந்த அவசரத்துலயும் எப்படி டீச்சர் முடியுது உங்களுக்கு?"

அன்று திங்கட்கிழமை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. "ஏதோ, நம்மால முடிஞ்சது" என்றேன்.

"எங்களுக்குக் கொஞ்சம் கொண்டுவரலையா?"

"பையை மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன். நாளைக்குத் தர்றேன்."

அன்று சாயங்காலம் மழையில் நனைந்துகொண்டு கோயிலுக்குப் போனேன். காகிதத்தில் திருநீறு மடித்து வாங்கிவந்து மறுநாள் ஸ்டாஃப் ரூம் முழுக்கக் கொடுத்தேன். அவரவர் பயபக்தியோடு பூசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த மாதத்தில் மிச்சமிருந்த எல்லாத் திங்களும் நான் போய்த்தான் ஆகவேண்டும் என்றாகிவிட்டது. ஒரு கட்ட லாவெண்டர் என்னைச் சிவபக்தையாக்கியது. தடுத்தாட்கொள்வது என்பது இதுதான் போலிருக்கிறது.

மூன்றாவது, பச்சை. இது சித்திரையில்.

மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக: அழகர் ஆற்றில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதுதான் அந்த வருஷத்து ஜாதகம். பச்சை என்றால் செழிப்பு, விளைச்சல். அதைப் பார்க்க ராத்திரியெல்லாம் கண்விழித்து வைகைக் கரையில் லட்சோப லட்சம் ஜனம் காத்திருக்கும். நாங்களும் அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். வெயில்காலத்துப் பருக்கள் என் தாடையில் மூன்று. ஒன்று புதிது, சிவந்திருந்தது. இரண்டு பழசு, கறுத்த வடு. சிவப்புக்கு எதிர் பச்சை என்பது இப்போது மனப்பாடம். மூன்றிலும் பச்சைப் பொட்டு வைத்தேன். மேலே கன்சீலர் போட்டு மூட வேண்டியது பாக்கி. அதற்குள் வாசலில் ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார், வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலைத் தேடினார், கரண்ட் போனது. கிளம்பிவிட்டேன்.

கூட்டத்தில் என்னைப் பார்த்தவர்கள் இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார்கள். புதுப்புடவைதான் காரணம் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் பள்ளி ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, அப்பா தோளுக்குப் பின்னாலிருந்து கையசைத்தாள். பிறகு தன் தாடையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். நானும் தாடையைத் தொட்டுக் காட்டினேன். ஏதோ விளையாட்டு போல என்று.

விடிகிற நேரம், "பச்சைப்பட்டு! பச்சைப்பட்டு!" என்று கூட்டம் முழுக்கச் செய்தி ஓடியது. என் பக்கத்தில் நின்ற வயசான அம்மா ஒருத்தர் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, கண்ணை இடுக்கிப் பார்த்து, "ஏத்தா, பச்சதேன்னு உனக்கு எப்பிடித்தா முன்னக்கூட்டியே தெரியும்?" என்றார்.

போன் கேமராவில் முகத்தைப் பார்த்தேன். மூன்று பச்சைப் பொட்டு, வரிசையாக. அதற்குள் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

"ராத்திரி மனசுல தோணுச்சு பாட்டி" என்றேன்.

அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் பத்தடி தள்ளிப் போய், வேறு யாரோ குடும்பத்தோடு வந்தவர்போல நின்றுகொண்டார்.

மூன்று தோல்விக்குப் பிறகு புத்தகத்தைத் திறந்தேன். எனக்குத் தெரிந்ததுதான் எல்லாம். தெரிந்தது வேறு, முகத்துக்கு வந்தது வேறு. நியூட்டன் 1704-இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் நிறங்களை ஒரு வட்டத்தில் அடுக்கினார். எதிரெதிர் நிறம் என்கிற பேச்சே அந்த மாதிரி வட்டத்தை வைத்து வருவதுதான். ஆனால் நான் வகுப்பில் சுழற்றிக் காட்டும் வட்டில் சேர்வது ஒளி. ஒளி சேரச் சேர வெளுக்கும். முகத்தில் சேர்வது நிறமி. நிறமி ஒவ்வொன்றும் ஒளியில் ஒரு பங்கை விழுங்கும். சேரச் சேர இருட்டும். வாட்டர் கலரில் ஏழு நிறத்தையும் கலக்கிவிட்டு, "மிஸ், வெள்ளை வரும்னீங்க, சேறு வருது" என்று வருஷா வருஷம் ஒரு பிள்ளையாவது வந்து நிற்கும். "சரியாக் கலக்கலை" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். இத்தனை வருஷத்துப் பிள்ளைகளிடமும் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே நீலத்தின்மேல் ஆரஞ்சைப் போட்டால் நீலம் மாயமாய் மறையாது. இரண்டும் சேர்ந்து ஒரு மங்கிய பழுப்பாகும். ஆனால் அந்தப் பழுப்பு நம் தோலுக்குச் சொந்தக்காரன். பழுப்பு என்று நாம் சொல்வதே வெளிச்சம் குறைந்த ஆரஞ்சுதான். அதன்மேல் தோல் நிற கன்சீலர் போட்டால் ஒட்டிக்கொள்ளும். திருத்தம் என்றால் அழிப்பது இல்லை, இருப்பதோடு சேர்த்துவிடுவது.

இன்னொரு மனிதரையும் அந்தப் புத்தகத்தில் சந்தித்தேன். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல். 1824-இல் பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்துச் சாயப்பிரிவுக்குப் பொறுப்பேற்றார். கறுப்பு நூல் கறுப்பாகத் தெரியவில்லை, சாயம் சரியில்லை என்று புகார். ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும் அந்தக் கறுப்பை மங்கலாகக் காட்டின. 1839-இல் இதையே பெரிய புத்தகமாக எழுதினார். விளக்குத்தூண் ஜவுளிக்கடையில் ப்ளவுஸ் துணி எடுக்கும் எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். புடவையை மடியில் போட்டுக்கொண்டு, துணியை அதன்மேல் வைத்து, "இருங்க, வெளியில வெளிச்சத்துல காட்டுங்க" என்று வாசலுக்கு வருவோமே, எதற்கு? பக்கத்து நிறமும் வெளிச்சமும் சேர்ந்து ஆளை ஏமாற்றிவிடும் என்பதற்குத்தானே? 80 ரூபாய் ப்ளவுஸ் துணிக்கு வெயிலில் வந்து நின்றவள், முகத்துக்குக் குளியலறை ட்யூப்லைட் போதும் என்று இருந்திருக்கிறேன். செவ்ரல் 102 வயது வரை வாழ்ந்தார். கருவளையத்தைப் பற்றி அவர் கவலைப்பட்டதாக எங்கும் இல்லை.

வைகாசியில் உறவில் ஒரு கல்யாணம். பெண்ணுக்கு அலங்காரம் செய்ய வந்த பார்லர் அக்கா (என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஆனால் ஊருக்கே அக்கா) வேலை முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் ஆறு கட்டப் பெட்டியை எடுத்து நீட்டினேன். கூடவே மூன்று கதைகளையும் சொன்னேன். டீ அவளுக்குப் புரையேறியது.

"லைட்டை அமத்திட்டு இப்பிடி சன்னலோரம் வாங்க டீச்சர்" என்றாள்.

வந்து உட்கார்ந்தேன். கண்ணுக்குக் கீழே தோலை விரல் நுனியால் லேசாகக் கீழே இழுத்தாள். "பாருங்க, இழுத்தாலும் இந்தப் பழுப்பு போகல. இது தோல்லயே இருக்கிற நெறம். இந்த மூக்கோரம் இருக்கு பாருங்க, இது நீலம். அடியில ஓடுற நரம்பு." இமையும் அதைச் சுற்றிய தோலும்தான் உடம்பிலேயே மெல்லியவை, இமையில் அரை மில்லிமீட்டர் அளவுதான் கனம். அதன் வழியாக உள்ளே ஓடும் ரத்தம் நீலமாக எட்டிப் பார்க்கிறது. இதையும் நான்தான் பாடம் எடுத்திருக்க வேண்டும். அவள் எனக்கு எடுத்தாள்.

பிறகு கைக்கண்ணாடியைக் கொடுத்தாள். "இப்ப நல்லா நிமிந்து, கண்ணாடியையும் மேல தூக்கிப் பாருங்க."

நிமிர்ந்தேன். கருவளையத்தில் பாதியைக் காணவில்லை.

"அது கலரே இல்ல டீச்சர், பள்ளம். வெளிச்சம் மேலருந்து விழுகவும் நெழல் கட்டுது. நெழலுக்கு என்னத்தப் பூசுவீங்க? உங்கம்மாவுக்கும் இப்பிடித்தேன் இருக்கும்."

கல்யாண மண்டபத்தில் எதிரே முதல் வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். இருந்தது. அதே பள்ளம், அதே ஆழம். நாற்பது வருஷமாகப் பார்க்கிற முகம். அம்மா முகத்தில் அதை நான் ஒருநாளும் குறையாகப் பார்த்ததே இல்லை.

மிச்சப் பாதிக்கு அவள் வேலை காட்டினாள். ஆரஞ்சில் ஒரு அரிசி அளவு. அதையும் நேரே முகத்துக்குக் கொண்டுபோகவில்லை. முதலில் புறங்கையில் வைத்துத் தேய்த்தாள். உடம்புச் சூட்டில் மெழுகு இளகியது. பிறகு மோதிர விரலால், "இந்த வெரலுக்குத்தேன் பலம் கம்மி," மூக்கோரத்து நீலத்திலும் அந்தப் பழுப்புத் திட்டிலும் மட்டும் தட்டினாள். தேய்க்கவில்லை, இழுக்கவில்லை, மழைத்தூறல்போலத் தட்டல். ஒரு நிமிஷம் விட்டாள். மேலே என் தோல் நிறத்தில் கன்சீலர், அதிலும் அரிசி அளவு. ஈரம் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றினாள். அவ்வளவுதான். செக்கச்செவேல் என்று இருக்கிறவர்களுக்குப் பீச் போதும், மாநிறத்துக்கு ஆரஞ்சு, அதைவிடக் கறுத்த நிறத்துக்குச் செங்கல் சிவப்புவரை போகலாம் என்றாள். என் பச்சைப் பொட்டுப் பற்றியும் தீர்ப்பு வந்தது: "செவந்த பருவுக்குத்தேன் பச்ச. கறுத்த வடுவுக்குப் பச்சயப் போட்டா சாம்பல்தேன் பூக்கும். அதுக்கும் ஆரஞ்சுதேன்." நான் மூன்றில் இரண்டு தப்பு.

இருபத்திரண்டு வருஷமாக விடைத்தாள் திருத்துகிறவள், வேறு யாருடைய கேள்வித்தாளுக்கோ போட்ட விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு என் முகத்துக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பனிப்பிரதேசத்துப் பெண்ணின் கேள்வி வேறு. அவளுக்கு லாவெண்டர் சரியான விடை.

"வேட்டிக்கு நீலம் போட்டிருக்கீங்கள்ல டீச்சர்? அதேதேன் இது. மஞ்சப் பூத்த வெள்ளைக்கு ரெண்டு சொட்டு நீலம்" என்று முடித்தாள் பார்லர் அக்கா.

போட்டிருக்கிறேன். அதுதான் வம்பே.

எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா ஊரில் இல்லாத நாளில் அப்பாவின் வேட்டிக்கு நானே நீலம் போட்டேன். சொட்டு நீலம் என்று பேர் இருந்தாலும் சொட்டுச் சொட்டாக விட எனக்குப் பொறுமை இல்லை. நனைத்த வேட்டியின்மேல் பாட்டிலைக் கவிழ்த்தேன். காய்ந்தபோது வேட்டியில் இந்துமகா சமுத்திரமும் ஏழெட்டுத் தீவுகளும் இருந்தன. வேறு வேட்டி இல்லாததால் அப்பா அதையே கட்டிக்கொண்டு ஒரு காதுகுத்துக்குப் போனார். "என்னண்ணே, வேட்டியில டிசைனா?" என்று கேட்டவரிடம், "ஆமா, புதுசா வந்திருக்கு" என்றார். கண்பள்ளம் அம்மா வழி என்றால், வாய்க்கு வந்த பொய் அப்பா வழி. ஊரிலிருந்து வந்த அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்துச் சொன்னது: "நாலு சொட்டை ஒரு பக்கெட் தண்ணியில கலக்கிட்டுத்தான்டி துணியப் போடணும். துணிமேலயே ஊத்தினா அதுக்குப் பேரு கறை." நிறத்திருத்தம் பற்றி இதைவிட முழுமையான பாடத்தை நான் இன்றுவரை எந்த வீடியோவிலும் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதில் குட்டோடு கிடைத்தது. நாற்பத்தைந்தில் மறுபடி காசு கொடுத்து வாங்கினேன்.

ஜூனில் பள்ளி திறந்ததும் முறைப்படி போட ஆரம்பித்தேன். ஆரஞ்சு ஓர் அரிசி, கன்சீலர் ஓர் அரிசி, ஜன்னல் வெளிச்சம், மோதிர விரல். ஆறு நிமிஷம். பாஸ். எப்படித் தெரியும் என்றால், ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. "உடம்புக்கு முடியலையா" இல்லை, "கண்ணு வந்திருச்சா" இல்லை. இந்தக் கலையில் முதல் ரேங்க் வாங்கினால் பரிசே அந்த மௌனம்தான்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பள்ளத்து நிழல், நிமிர்ந்தால் போகிறதே? எனவே நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தேன். தாடை மேலே, பார்வை வேப்பமர உச்சியில். ஸ்டாஃப் ரூமில், "டீச்சருக்கு ப்ரொமோஷன் வரப்போகுதாம்" என்று பேச்சு கிளம்பியதாகக் கேள்வி. நான்காம் நாள் ப்ரேயர் மணி அடித்தது. வேப்பமரத்தைப் பார்த்தபடி வராந்தாவில் வேகமாக வந்தவள், இருபத்திரண்டு வருஷமாக அதே இடத்தில் இருக்கிற படியைக் காணாமல் தடுக்கி, தூணில் போய்ப் புருவத்தை மோதினேன்.

ரத்தக்கட்டு ஒரு நல்ல அறிவியல் பாடம். முதல் நாள் சிவப்பு. மறுநாள் கத்தரிக்காய் ஊதா. பிறகு கட்டிய ரத்தத்தின் ஹீமோகுளோபின் சிதைந்து பிலிவெர்டின் ஆகும்போது பச்சை, அது பிலிருபின் ஆகும்போது மஞ்சள். நான் மூலையில் போட்டுவைத்த கட்டங்களுக்கெல்லாம் ஒரே வாரத்தில் முறை வந்தது. சிவப்புக்குப் பச்சையைத் தட்டினேன், ஊதாவுக்கு மஞ்சளைத் தட்டினேன், எல்லாம் அரிசி அளவில், எல்லாம் முறைப்படி. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை. மகள் பெட்டிக்குக் கொடுத்த காசு முழுசாகச் செரித்தது.

ஐந்தாம் நாள் காலை கண்ணாடியில் பார்த்தபோது, அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை சித்திரையில் தாடையைத் தொட்டுக் காட்டியதெல்லாம் என் ஞாபகத்திலேயே இல்லை. புருவத்தின்மேல் நல்ல பச்சை. ரோஸ் கட்டத்தைத் திறந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நாலு நிமிஷம். போகட்டும், காயம்தானே, காயமாகவே இருக்கட்டும் என்று எதுவும் பூசாமல் ஓடிவிட்டேன்.

அதே பிள்ளை இப்போது எட்டுக்கு வந்து என் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பாடம் முடிந்து மணி அடித்ததும் மேசைப் பக்கம் வந்தாள். மற்றவர்கள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தி, "மிஸ், இன்னைக்கும் பச்சையை மூட மறந்துட்டீங்க" என்றாள்.

"இல்லம்மா, இது நெசமாவே அடிபட்டது" என்றேன்.

அந்த வருஷம் முழுவதிலும் நான் சொன்ன ஒரே உண்மை அது. அவள் நம்பவில்லை.